மாதா மாடத்தில் ஒரு மஞ்சள் ஒயின்

1

புதுச்சேரியிலிருந்து வந்தவன் என்று பினாங்கில் வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும். "ஓ, பிரெஞ்சு ஊரு! அப்ப ஒயின்லாம் நல்லா தெரியுமே" என்று நம் கையில் ஒரு புட்டியைத் திணித்துவிடுவார்கள். நான் வேலை பார்க்கும் புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் எந்த விருந்தென்றாலும் முதல் புட்டி என்னிடம்தான் வரும். மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, கொஞ்ச நேரம் கழித்து லேசாகத் தலையை ஆட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை. இப்படி ஆட்டி ஆட்டியே இரண்டு பதவி உயர்வு வாங்கிவிட்டேன் என்று என் மனைவி பிலோமினா சொல்வாள்.

ஊரிலிருந்து இதைப் படிக்கும் உங்களுக்கு உண்மை தெரியும். நம் ஊரில் 'ஒயின்ஸ்' என்று பலகை மாட்டிய கடையில் ஒயினைத் தவிர மற்றதெல்லாம் கிடைக்கும். ஊரை விட்டுக் கிளம்பும்வரை நான் அறிந்த ஒயின் இரண்டே. பூசையில் சாமியார் மட்டும் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் துடைத்து வைப்பது ஒன்று. கிறிஸ்துமஸுக்குப் பெரியம்மா திராட்சையும் சர்க்கரையும் கிராம்பும் போட்டு ஜாடியில் ஊற வைத்து, இருமல் மருந்து மாதிரி ஆளுக்கு இரண்டு மூடி ஊற்றித் தந்தது இன்னொன்று. இந்த அனுபவத்தை வைத்துக்கொண்டுதான் இத்தனை காலம் மலேசியாவில் நிபுணனாக ஓட்டியிருக்கிறேன்.

போன மாதம் எங்கள் கல்யாணத்துக்கு வெள்ளி விழா. அதற்காகப் பிலோமினாவின் அண்ணன் அந்துவான் பிரான்சிலிருந்து வந்து இறங்கினார். விருந்துக்கு மட்டும் வந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அவர் வந்தது என் மகள் செலினைக் கூட்டிக்கொண்டு போவதற்கு.

2

முதலில் புட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கல்யாணத்துக்கு மச்சான் ஒரு ஒயின் புட்டி கொடுத்தார். குட்டையாக, தோள் அகன்று, தலையில் மெழுகு ஊற்றி மூடிய புட்டி. "வெள்ளி விழா அன்னிக்குத்தான் தொறக்கணும் மாப்ளே" என்று கண்டிப்பாகச் சொன்னார். அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு, பிறகு தபால் துறையில் வேலை பார்த்தவர். இருப்பது ஜூரா என்ற மலைப்பகுதியில், சுவிட்சர்லாந்து எல்லைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். ஆனால் நம் ஊரில் பிரான்சிலிருந்து வருகிற எல்லோரும் பாரீஸ்காரர்தானே. அவரும் அதை மறுத்துப் பேசி நான் கேட்டதில்லை.

மேசையில் தாலி, மோதிரம், கூறைப்புடவை எல்லாம் இருந்த வரிசையில் அந்தப் புட்டியும் இருந்தது. சாமியார் வந்தார், செபம் சொன்னார், தீர்த்தத்தை அள்ளித் தெளித்தார். புட்டி மீதும் நாலு சொட்டு விழுந்தது. கதை அங்கேயே மாறிவிட்டது. மந்திரித்த பொருளை அலமாரியில் பருப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் வைக்க முடியுமா? கிறிஸ்தவ வீடுகள் உங்களுக்குத் தெரியும். புது பைக்கை மந்திரிப்போம், குளிர்சாதனப் பெட்டியை மந்திரிப்போம், விமான டிக்கெட்டைக்கூட மந்திரிப்போம். ஆகவே ஒயின் பட்டுப்புடவைக்குள் சுருண்டு பினாங்கு வந்து, ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் மாதா மாடத்தில் குடியேறியது. லூர்து மாதா சுரூபத்துக்கு வலப்பக்கம் அது, இடப்பக்கம் மெழுகுவத்தி.

பினாங்கின் வெக்கை எப்படி என்றால், மின்விசிறி இல்லாமல் மாதாவுக்கே வேர்த்துவிடும். அந்த வெக்கையில், மெழுகுவத்திச் சூட்டில், அந்தப் புட்டி வருடக்கணக்காக நின்றது. சனிக்கிழமைதோறும் அதற்கும் ஒரு முழம் மல்லிகை.

வீட்டு ஜெபக் கூட்டத்துக்கு வரும் மார்த்தா அக்காதான் அடுத்த அற்புதத்தைத் தொடங்கி வைத்தார். இங்கேயே பிறந்து வளர்ந்தவர். ஓய்வு பெற்ற பள்ளி கிராணி, அதாவது குமாஸ்தா. லூர்து மாதாவின் பக்கத்தில், பிரெஞ்சு எழுத்து போட்ட புட்டி, உள்ளே ஏதோ திரவம். பிரான்சில் லூர்து ஊற்றின் தண்ணீர் அற்புதம் செய்யும் என்பது எங்களவர் நம்பிக்கை; அவருக்கு வேறென்ன தோன்றும்?

"தங்கச்சி, லூர்துலேர்ந்து வந்த தண்ணியா இது? சொல்லவே இல்ல லா!" என்று புட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மஞ்சளாக இருக்கிறதே என்று யாரும் கேட்கவில்லை. பழசு, அதனால் மஞ்சள். பிலோமினா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த மாதமே மார்த்தா அக்காவின் மருமகனுக்கு நிரந்தரவாசத் தகுதி கிடைத்தது. அவ்வளவுதான். விசா நீட்டிப்பு, முட்டி வலி, பிள்ளைகளின் பரீட்சை என்று எங்கள் வரவேற்பறையில் கூட்டம். சிலர் தங்கள் பாஸ்போர்ட்டையே புட்டியின் காலடியில் வைத்துவிட்டுப் போனார்கள். குடிநுழைவுத் துறைக்கும் பிரெஞ்சுத் திராட்சைக்கும் இப்படி ஒரு சம்பந்தம் இருப்பது அந்தத் துறைக்கே தெரியாது.

3

மச்சான் வந்து செருப்பைக் கழற்றியதும் மாடத்தைப் பார்த்தார். சிலுவை போட்டுக்கொள்ளத் தூக்கிய கை நெற்றியிலேயே நின்றுவிட்டது.

"மோன் தியே! பிலோ, என்ன செஞ்சு வச்சிருக்க? இது வேன் ஜோன்! இருட்டுல, குளுந்த நெலவறையில இருக்க வேண்டியது. செத்துப் போயிருக்கும்!"

"மந்திரிச்சதுண்ணே. அதெல்லாம் சாவாது" என்றாள் பிலோமினா.

அன்று மாலை முழுவதும் பாடம் நடந்தது. வேன் ஜோன் என்றால் மஞ்சள் ஒயின். ஜூராவில் மட்டும்தான் செய்கிறார்கள். சவஞான் என்று ஒரு வெள்ளைத் திராட்சை. தாமதமாகப் பறித்து, பிழிந்து, மரப் பீப்பாயில் ஊற்றி வைக்கிறார்கள். மற்ற ஊர்களில் பீப்பாயில் ஒயின் ஆவியாகிக் குறையக் குறைய மேலே ஊற்றி நிரப்புவார்கள். இவர்கள் நிரப்புவதில்லை. அந்தக் காலி இடத்தில் ஒயினின் மேலே ஒரு படலம் படர்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டு ஆறு வருடம் மூன்று மாதம் காத்திருக்கிறார்கள். ஒரு லிட்டர் ஊற்றினால் கடைசியில் மிஞ்சுவது முக்கால் லிட்டருக்கும் குறைவு. அதற்கென்றே அளவெடுத்துச் செய்ததுதான் இந்தக் குட்டைப் புட்டி. மற்றதெல்லாம் தேவதூதர்களின் பங்கு என்றார். பிலோமினா அதை மட்டும் பயபக்தியோடு கேட்டாள்.

"யாருண்ணே இத மொதல்ல கண்டுபிடிச்சது?"

"கன்னியர் மடத்துலேர்ந்து வந்ததா ஒரு கத. யாரோ ஒரு பீப்பாய மறந்துட்டாங்க, அப்பறம் தொறந்து பாத்தா இப்படி இருந்துச்சாம்னு இன்னொரு கத. யாருக்கும் சரியாத் தெரியாது."

எனக்கு நாக்கு அரித்தது. நம் வீட்டில் மறந்துபோன பாத்திரத்தில் ஆடை படிந்தால் அம்மா அதைக் கொல்லையில் கொட்டிவிட்டு நாள் முழுக்கத் திட்டுவாள். அவர்கள் ஊரில் அதற்கு ஒரு பெயரும், சட்டமும், தனிப் புட்டியும், வருடத் திருவிழாவும் உண்டு. மறதியைக்கூடப் பெருமையாக்கத் தெரிந்த ஜாதி. சொல்லவில்லை; வெள்ளி விழா வாரத்தில் மச்சானோடு சண்டை வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

எதோடு சாப்பிடுவது என்பது அடுத்த பாடம். கோந்தே என்ற அவர்கள் ஊர்ப் பாலாடைக்கட்டி, அக்ரூட் பருப்பு. இல்லையென்றால் இதே ஒயினில் காளானும் பாலேடும் சேர்த்து வேகவைத்த கோழி. குளிரக் குளிரக் குடிக்கக் கூடாது. குடிக்கும் முன் சில மணி நேரம் திறந்து வைக்க வேண்டும். சத்தமாகப் பேசக் கூடாது என்பதை மட்டும்தான் சொல்லவில்லை. கோந்தே கட்டி ஒன்று கொண்டுவந்திருந்தார். பிலோமினா அதை முகர்ந்து பார்த்துவிட்டு, கேட்காமலேயே பெலாச்சான் என்கிற இறால் விழுது டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். நாற்றம் நாற்றத்தோடு சேரட்டும் என்பது அவள் கணக்கு.

4

இனி செலின். வயது இருபத்திரண்டு. சிம்பாங் அம்பாட்டில் உடனடிக் குழம்பு விழுது செய்யும் ஒரு தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை. தினமும் காலையில் அவளை ஏற்றிக்கொண்டு தீவிலிருந்து பெருநிலத்துக்குப் பாலத்தைக் கடப்பேன். அவளோடு எனக்குக் கிடைக்கும் ஒரே தனி நேரம் அது. நான் புதுச்சேரிக் கடற்கரைச் சாலை, ஞாயிற்றுக்கிழமைச் சந்தை என்று பேசுவேன். அவள் கைபேசியைப் பார்த்தபடி "ம்ம்" என்பாள்.

புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு மேலே ஒரு மாடி எடுத்திருக்கிறேன். செலினுக்காக. சீக்கிரம் ஓய்வு பெற்று மூவரும் ஊர் திரும்புவது என்பது என் திட்டம். குளியலறைக்கு ஓடு தேர்ந்தெடுக்கச் சொல்லிப் படங்கள் அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது. எந்த ஓட்டுக்கு அந்தக் கட்டைவிரல் என்று இன்றுவரை தெரியாது.

மச்சானின் திட்டம் வேறு. அவருக்குப் பிள்ளை இல்லை. "குழம்புப் பொடிய மோந்து பாக்குற வேலைக்கா இவள படிக்க வச்ச? எங்க ஊருக்குப் பக்கத்துலயே பல்கலைக்கழகம் இருக்கு. என் வீட்டுல தங்கட்டும். படிச்சு முடிச்சா வேல, அப்பறம் பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டு" என்றார். பாஸ்போர்ட் என்று சொல்லும்போது அவர் குரல், சாமியார் நற்கருணையைத் தூக்கும்போது வருகிற குரல்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. எனக்கு நிரந்தரவாசம் கிடைப்பதற்கு முன்பே செலின் பிறந்துவிட்டாள். அதனால் அவள் இந்தியக் குடிமகள். பினாங்கு ஆஸ்பத்திரியில் பிறந்து, பினாங்குப் பள்ளியில் படித்து, சிவப்பு அடையாள அட்டையோடு திரிகிறாள். இந்நாட்டுக் குடிமக்களுக்கு நீலம், எங்களைப் போன்ற நிரந்தரவாசிகளுக்குச் சிவப்பு. ஒருமுறை அட்டையைப் புதுப்பிக்கப் போனோம். முகப்பில் இருந்த அம்மாள் சிவப்பைப் பார்த்ததும் குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாக மலாயில் பேசினார். செலின் பினாங்குப் பேச்சு மலாயில் பொரிந்து தள்ளினாள். அந்த அம்மாள் என்னிடம் திரும்பி ஏதோ கேட்டார். நான் என் உடைந்த மலாயில் பதில் சொன்னேன். இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது தத்துப் பிள்ளையா?" என்று கேட்டார்.

செலின் வீடு வரும்வரை சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மையைச் சொன்னால், அன்றிலிருந்தே எனக்கு ஒரு பயம். இப்போது மச்சான் வேறு இவளைக் கொண்டுபோய்விட்டால் அந்த மாடியில் நான் யாரைக் குடிவைப்பேன்?

5

விழா நாள் விருந்துக்கு நாசி கண்டார் என்கிற குழம்புச் சோறே போதும் என்று செலின் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். பாலேட்டில் கோழியை வேகவைக்கப் பிலோமினா ஒத்துக்கொள்ளவில்லை. நானும் மச்சானும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம் ஒரு கடையில் வரிசையில் நின்றோம். உள்ளே உட்கார்ந்து ஒயின் குடிக்கிற இடமில்லை அது. பள்ளிவாசல் பக்கத்துத் தமிழ் முஸ்லிம் கடை. பொட்டலம் கட்டித்தான் கொண்டுபோக வேண்டும்.

எங்கள் முறை வந்தது. கரண்டிக்காரர் சோற்றை அள்ளி வைத்து, "பஞ்சிர் போடவாண்ணே?" என்றார். பஞ்சிர் என்றால் வெள்ளம். எல்லாக் குழம்பையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சோறு மூழ்க ஊற்றுவது.

மச்சான் பதறிவிட்டார். "வேண்டாம், வேண்டாம். மீன் குழம்பு தனி, கோழி தனி, கணவா தனி. எது ஒயினுக்கு ஒத்துவருதுன்னு பாக்கணும்" என்று சொல்ல வந்து, நான் காலை மிதித்ததும் 'ஒயின்' என்பதை விழுங்கிக்கொண்டார்.

கரண்டிக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "தனித்தனியா வேணும்னா ஆஸ்பித்தாலுக்குப் போங்கண்ணே. அங்கதான் அப்படிக் குடுப்பாங்க" என்று சொல்லி, ஐந்து குழம்பையும் ஊற்றிக் கட்டிக் கொடுத்துவிட்டார்.

காரில் மச்சான் பொட்டலத்தை மடியில் வைத்து முறைத்துக்கொண்டே வந்தார். எனக்கு மனசு குளிர்ந்தது. ஐந்து குழம்பு வெள்ளத்தில் ஜூரா மலை மூழ்கட்டும். பெலாச்சானோடு குடித்தனம் பண்ணிய பாலாடைக்கட்டியும், மெழுகுவத்தியில் வெந்த ஒயினும் மேசைக்கு வரட்டும். அவர் ஊர்ப் பெருமையெல்லாம் ஒரே ராத்திரியில் புளித்துப்போனால், செலின் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பாளா? என் கணக்கு இவ்வளவு கேவலமானதுதான்.

6

மேசையில் நாங்கள் நால்வர், கூட மார்த்தா அக்கா. புட்டியை மாடத்திலிருந்து இறக்கியபோது அக்கா நெஞ்சில் கைவைத்தார். ஒயின்தான் என்று பிலோமினா காதில் சொன்னதும், "பரவால்ல தங்கச்சி. கானாவூர் கல்யாணத்துலயும் ஏசு தண்ணிய ஒயினாத்தானே மாத்துனாரு" என்று கிண்ணத்தை நீட்டினார். நம்பிக்கை என்றால் அது.

மச்சான் மெழுகை உடைத்து, தக்கையை இழுத்தார். முன்னதாகத் திறந்து வைக்கும் பாடம் எங்கள் பசியில் எடுபடவில்லை. வெல்லப்பாகு நிறத்தில் இறங்கியது ஒயின். மூக்கில் வைத்தேன். பழைய அலமாரி, வறுத்த பருப்பு, அதற்கும் மேலே நன்றாகத் தெரிந்த ஏதோ ஒரு வாசனை. நாக்கில் வைத்தால் காரம்போல ஒரு சுறுசுறுப்பு, இனிப்பே இல்லை.

"கெட்டுப் போச்சு மச்சான்" என்றேன், வருத்தம்போல முகத்தை வைத்துக்கொண்டு. சந்தோஷம் தொண்டைவரை வந்துவிட்டது.

"கெட்டுப் போச்சா? இதுதான்யா ருசி! எத்தன வருசம் வெக்கையில நின்னுருக்கு, அசையல பாரு!" அவர் கண் கலங்கிவிட்டது.

செலின் எழுந்துபோய் ஐஸ் கட்டிகளைக் கொண்டுவந்து தன் கிளாசில் இரண்டைப் போட்டாள். பினாங்கில் பீருக்கே ஐஸ் போடுவார்கள். மச்சான் "நோன், நோன்!" என்று அலறினார். அவள் கண்டுகொள்ளவில்லை. ஒரு வாய் பஞ்சிர் சோறு, ஒரு மடக்கு ஒயின், மறுபடி ஒரு வாய் சோறு.

"செடாப் லா!" என்று மலாயில் சப்புக்கொட்டினாள். "அப்பா, மோந்து பாருங்க. வெந்தயம்! எங்க லேப்ல வெந்தயம் வறுத்தா இதே வாசந்தான். ரெண்டுலயும் ஒரே பொருள் இருக்கும். அதான் இந்தக் குழம்போட சேந்து போவுது."

எல்லோரும் ஒரு வாய் சோற்றோடு குடித்துப் பார்த்தோம். உண்மைதான். ஐந்து குழம்புக்கும் ஈடுகொடுத்து நின்றது அந்த ஒயின். எந்தக் குழம்புக்கு எது என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டிய அவசியமே வரவில்லை.

மச்சான் மேசையைத் தட்டினார். "பாத்தியா! இந்த மூக்கு பிரான்சுல இருக்க வேண்டிய மூக்கு!"

நான் விடுவேனா? "வெந்தயம்னு சொல்றா மச்சான். வெந்தயம் யார் வீட்டுது? நம்ம ஊருது!"

"படிப்பு அங்கதான்!"

"வீடு இங்க... அதாவது, புதுச்சேரில கட்டி முடிச்சாச்சு!"

வெள்ளி விழா கொண்டாடும் மனிதனும், பட்டாளத்தில் இருந்த மனிதனும் ஒரு பெண்ணின் மூக்குக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். மார்த்தா அக்கா கோழிக்காலைக் கடித்தபடி பார்த்தார். செலின் ஐஸை ஒருமுறை சுழற்றிவிட்டுக் கிளாசைக் கீழே வைத்தாள்.

"மாமா, நான் வரல. மாஸ்டர்ஸ் இங்கயே பண்ணிக்கிறேன். மலேசியக் குடியுரிமைக்கு மனு போட்டிருக்கேன். மலாய் நேர்காணலுக்குக் கூப்ட்டிருக்காங்க."

மச்சான் என்னைப் பார்த்தார். நான் பிலோமினாவைப் பார்த்தேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். அவளுக்கு முன்பே தெரியும்.

"அது கெடச்சா இந்தியப் பாஸ்போர்ட்ட திருப்பிக் குடுக்கணுமேம்மா" என்றேன்.

"ஆமாப்பா."

"அப்ப மாடி?"

எவ்வளவோ கேட்டிருக்கலாம். என் வாயில் வந்தது அதுதான்.

"வாடகைக்கு விடுங்கப்பா" என்றாள். கோபமாக இல்லை, நாளைக்குக் குடை எடுத்துக்கோங்க என்பதுபோலத்தான் சொன்னாள். பிறகு என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கையை எட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள். "நீங்க ஊருக்குப் போவணும்னா போங்கப்பா. நான் வருசா வருசம் வந்து பாக்குறேன். ஆனா நான் எங்க போவ? நான் ஊர்லதானே இருக்கேன்."

மச்சானிடமிருந்து அவளைக் காப்பாற்ற நினைத்தவன் ஜெயித்துவிட்டான். பிரான்ஸ் தோற்றுப் போயிற்று. ஆனால் எனக்கு அழுகை வந்தது. சோற்றில் காரம் என்று சொல்லிச் சமாளித்தேன். வெளிநாட்டு வாழ்க்கை, வெளிநாட்டு வாழ்க்கை என்று உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேனே, எங்கள் வீட்டில் அதை வாழ்வது நானும் பிலோமினாவும் மட்டும்தான் என்று அப்போதுதான் உறைத்தது. சரி, இரண்டு பேராவது இருக்கிறோமே என்று ஒரு சின்ன ஆறுதல்.

பிலோமினா எழுந்து தட்டுகளை அடுக்கினாள். தலையை நிமிர்த்தாமல், யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்:

"விடுறதுதான் விடுறோம், மாடியோட கீழ்வீட்டையும் சேத்தே விட்டுடலாங்க."